கேபி செல்லும் 60 லட்சமும்

கேள்வி: எனக்கு வயது 35. புற்றுநோய் உயிரியலில் பிஎச்.டி. முடித்தேன். புற்றுச் செல்கள் இடம்பெயர உதவும் ஒரு புரதத்தைப் பற்றிய ஆய்வு அது. பிறகு வெளிநாட்டில் இரண்டு ஆண்டு போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு. குழந்தை பிறந்ததும் ஒன்றரை ஆண்டு இடைவெளி. இப்போது கோவைக்கு அருகில் ஒரு தனியார் கல்லூரியில் நிரந்தர உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வாரம் 16 மணி நேரம் வகுப்பு. துறையில் ஒரு செல் வளர்ப்பு அறை உண்டு, அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. நொச்சி இலைச் சாற்றிலிருந்து வாய்ப்புற்றுநோய்க்கு மருந்து தேடும் திட்டம் ஒன்றை இரண்டு முறை நிதிக்கு அனுப்பினேன். இரண்டு முறையும் நிராகரித்துவிட்டார்கள். 'புதுமை இல்லை, செல் தேர்வு சரியில்லை, மருத்துவர் யாரும் உடன் இல்லை' என்று மூன்றே காரணம். ஐஐடி முகவரியிலிருந்து போயிருந்தால் இப்படித் திருப்பி அனுப்பியிருப்பார்களா? துறைத்தலைவர், 'என் பெயரை முதன்மை ஆய்வாளராகப் போடும்மா, கிடைத்துவிடும்' என்கிறார். கணவர், 'பேசாமல் மறுபடியும் அமெரிக்கா போய்விடலாம்' என்கிறார். என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் இணைத்திருந்த திட்ட வரைவைப் படித்துக்கொண்டே வந்தவன் நான்காம் பக்கத்தில் நின்றுவிட்டேன். 'வாய்ப்புற்றுநோயின் மாதிரியாக கேபி செல்கள் பயன்படுத்தப்படும்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விண்ணப்பத்தை மதிப்பிட்டவரும் அங்கேதான் நின்றிருப்பார்.

கேபி என்ற பெயரில் ஆய்வகங்களில் புழங்கும் செல்கள் வாய்ப்புற்றுச் செல்களே அல்ல. 1950களில் ஒரு வாய்ப்புற்று நோயாளியிடமிருந்து எடுத்தவை என்று சொல்லித்தான் அவை பழக்கத்துக்கு வந்தன. 1960களிலேயே சந்தேகம் எழுந்தது. பிறகு டிஎன்ஏ சோதனைகளில் அவை ஹீலா செல்கள் என்று உறுதியாகிவிட்டது. ஹீலா, 1951ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்ப்புற்றிலிருந்து எடுக்கப்பட்டது. பெயரில் 'வாய்' இருப்பதைத் தவிர இரண்டு நோய்க்கும் இங்கே பெரிய ஒட்டுறவு கிடையாது. எப்போதோ, ஏதோ ஓர் ஆய்வகத்தில், வேகமாக வளரும் ஹீலா செல்கள் பக்கத்துக் குடுவைக்குள் புகுந்து உள்ளே இருந்தவற்றை விழுங்கிவிட்டன. குடுவை மேல் ஒட்டிய பெயர் மட்டும் மாறவில்லை.

இது வெறும் பெயர்க் குழப்பம் என்றால் போகட்டும் என்று விடலாம். உங்கள் திட்டத்தின் மையக் கேள்வியே புற்று வராமல் தடுக்கும் பி53 புரதம் என்ன ஆகிறது என்பது. ஹீலா செல்லுக்குள் பாப்பிலோமா வைரஸின் 18ஆம் வகை உட்கார்ந்திருக்கிறது. அந்த வைரஸின் ஈ6 புரதம் பி53ஐப் பிடித்துச் சிதைத்துவிடும். நம் ஊரில் புகையிலையும் பாக்கும் மென்று வரும் வாய்ப்புற்றிலோ பெரும்பாலும் பி53 மரபணுவே கெட்டுப்போயிருக்கும், வைரஸுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஆக, மதுரைக்குப் போக வேண்டியவர் திருப்பதி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த கதை. மூன்று ஆண்டு ஓட்டினாலும் மதுரை வராது.

உங்களை நோகடிக்க இதை எழுதவில்லை. பெரிய இடங்களிலிருந்து வந்த கட்டுரைகளிலும் கேபி வாய்ப்புற்றுச் செல் என்றே அச்சாகியிருக்கிறது, அதை நம்பித்தான் நீங்களும் எடுத்திருப்பீர்கள். ஆனால் மதிப்பிடுகிறவர் கையில் நாற்பது விண்ணப்பம் இருக்கிறது. ஒன்றைக் கீழே வைக்க அவருக்கு ஒரு காரணம் போதும். நீங்களே அதை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். இனி எந்தச் செல்லை வாங்கினாலும் செல் எங்கிருந்து வந்தது என்று டிஎன்ஏ வழியாகக் காட்டும் எஸ்டிஆர் சோதனைச் சான்று கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு தாளைப் பின்னிணைப்பில் வைத்தாலே படிப்பவரின் முகம் மாறும்.

சரி, முகவரி விஷயத்துக்கு வருகிறேன். பாகுபாடு இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். குழுக்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய நிறுவனத்துப் பெயரைப் பார்த்ததும் 'இவர்களிடம் கருவி இருக்கும், முடித்துவிடுவார்கள்' என்று மனசு தானாகச் சொல்லும். சிறு கல்லூரி என்றால் 'இதை எங்கே வைத்துச் செய்வார்?' என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு உங்கள் 15 பக்கத்தில் எங்கேயும் பதில் இல்லை, அதுதான் என் வருத்தம். எலிகளில் சோதிப்போம் என்கிறீர்கள், விலங்கு அறை எங்கே என்று சொல்லவில்லை. சாற்றிலிருந்து மூலக்கூறைப் பிரிப்போம் என்கிறீர்கள், வேதியியலாளர் யாரென்று சொல்லவில்லை. இதையே ஐஐடியிலிருந்து அனுப்பியிருந்தாலும் நான் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். கொஞ்சம் மெதுவாகத் திருப்பியிருப்பேன், அவ்வளவுதான்.

அடுத்தது நொச்சி. எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் கட்டுக்குள் மூன்றில் ஒரு விண்ணப்பம் இப்படித்தான் இருக்கும்: ஏதோ ஓர் இலை, ஒரு செல், செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கும் எம்டிடி சோதனை, செல்கள் செத்தன, ஆகவே மருந்து. அளவைக் கூட்டிக்கொண்டே போனால் உப்புத் தண்ணீருக்கும் செல்கள் சாகும். தாவரத்திலிருந்து மருந்து வராது என்று சொல்ல வரவில்லை. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் வந்தன. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் வின்கிரிஸ்டின் இல்லாமல் முடியாது. ஆனால் அது வந்த வழி வேறு. 1950களில் கனடாவில் நீரிழிவுக்கு மருந்தாகுமா என்று அந்தச் செடியைச் சோதித்தவர்கள், எலிகளின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைவதைக் கவனித்தார்கள். அதன் பின்னால் வேதியியலாளர்களும் ஒரு பெரிய மருந்து நிறுவனமும் வந்து சேர்ந்தார்கள். அந்த வேலையை உதவித்தொகை பெறும் ஓர் இளநிலை ஆய்வு மாணவரையும் (ஜேஆர்எஃப்) ஒரு செல் அறையையும் வைத்துக்கொண்டு மூன்று ஆண்டில் முடிப்பேன் என்று நீங்கள் எழுதினால் யார் நம்புவார்?

எனக்கு உண்மையிலேயே புரியாதது ஒன்றுதான். பிஎச்.டி., போஸ்ட்டாக் என்று ஏழெட்டு ஆண்டு ஒரு புரதத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். செல்கள் எப்படி இடத்தை விட்டு நகர்கின்றன என்பது உங்களுக்குத் தண்ணீர்ப்பட்ட பாடு. அதை அப்படியே பெட்டியில் பூட்டிவிட்டு ஏன் நொச்சிக்குப் போனீர்கள்? 'இந்தியாவில் மூலிகை என்றால்தான் காசு கொடுப்பார்கள்' என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அந்த யாரோவை நானும் அறிவேன், எல்லாக் கல்லூரியிலும் ஒருவர் இருக்கிறார்.

வாய்ப்புற்று அறுவைச் சிகிச்சை நிபுணர்களிடம் உங்கள் புரதத்துக்கென்றே ஒரு கேள்வி காத்திருக்கிறது. ஆரம்ப நிலை வாய்ப்புற்றோடு ஒருவர் வருகிறார். கழுத்தில் நெறிக்கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. வாய்க் கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா, கழுத்து நிணநீர் முடிச்சுகளையும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டுமா? இது பல பத்தாண்டுச் சண்டை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் அனில் டி'குரூஸ் தலைமையிலான குழு 500 நோயாளிகளின் முடிவுகளை 2015ல் வெளியிட்டது. முன்கூட்டியே கழுத்தையும் அறுத்தவர்களில் மூன்றாம் ஆண்டில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பொறுத்திருந்து, கட்டி தெரிந்தால் மட்டும் அறுப்பது என்று விட்டவர்களில் 67.5 சதவீதம். சண்டை கிட்டத்தட்ட முடிந்தது, முன்கூட்டியே எடுப்பது வழக்கமாகிவிட்டது.

ஆனால் அந்த முடிவுக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. முன்கூட்டியே எடுத்த கழுத்து முடிச்சுகளை நுண்ணோக்கியில் பார்த்தால் 10 பேரில் ஏறத்தாழ 3 பேருக்குத்தான் உள்ளே புற்று இருக்கும். மற்ற 7 பேரின் கழுத்தில் எதுவும் இல்லை. தோள் வலி, கையைத் தூக்க முடியாமை, கழுத்து மரத்துப்போவது என்று அவர்கள் பட்டது எல்லாம் அந்த 3 பேர் யாரென்று முன்கூட்டியே தெரியாததால்தான். வாய்க் கட்டியின் ஒரு சிறு துண்டைப் பார்த்தே 'இவருக்குக் கழுத்துக்குப் போயிருக்கும், அவருக்குப் போயிருக்காது' என்று சொல்ல முடியுமா? செல்களை நகரவைக்கும் புரதத்தைப் படித்த ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இதற்கு எலி வேண்டாம், செடி வேண்டாம், கோடி ரூபாய்க் கருவியும் வேண்டாம். ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் நோயியல் துறையின் அலமாரியில் பழைய அறுவைச் சிகிச்சைத் திசுக்கள் மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்குகளாக, எண்ணிட்டு, வரிசையாக இருக்கும். கழுத்து முடிச்சில் புற்று இருந்ததா இல்லையா என்பது அந்த நோயாளியின் அறிக்கையிலேயே எழுதியிருக்கும். நீங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து நோயாளியைப் பின்தொடர வேண்டியதில்லை, விடை ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது. 100 பேரின் பிளாக்கை எடுங்கள். மெல்லிய சீவல் வெட்டி, உங்கள் புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடி போட்டு நிறமேற்றுங்கள். யாருக்குப் பரவியது என்று தெரியாத இரண்டு நோயியல் மருத்துவர்கள் தனித்தனியாக மதிப்பெண் போடட்டும். ஏறத்தாழ 30 பேர் ஒரு பக்கம், 70 பேர் மறு பக்கம். இந்த எண்ணிக்கை போதுமா என்பதை ஒரு புள்ளியியலாளரிடம் முதலிலேயே கேட்டு, அவர் போட்ட கணக்கை விண்ணப்பத்தில் அப்படியே வையுங்கள். பல விண்ணப்பங்களில் இந்தக் கணக்கே இருப்பதில்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஈறு, கன்னப் பகுதி வாய்ப்புற்றின் மரபணு வரைபடத்தை சர்வதேசப் புற்றுநோய் மரபணுக் கூட்டமைப்பின் இந்தியப் பங்காக மேற்கு வங்கத்தின் கல்யாணியில் உள்ள மரபணு ஆய்வு நிறுவனமான என்ஐபிஎம்ஜியும் நவி மும்பையின் புற்றுநோய் ஆய்வு மையமான ஆக்ட்ரெக்கும் சேர்ந்து போட்டிருக்கின்றன. 2013ல் கட்டுரையும் வந்துவிட்டது. 'அதிலிருந்து உங்களுடையது எப்படி வேறு?' என்று நேர்காணலில் நிச்சயம் ஒருவர் கேட்பார். அவர்களுடைய தரவு பொதுவில் எந்த அளவுக்குக் கிடைக்கிறதோ அதையும், அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் தொகுப்பான டிசிஜிஏ தரவையும் முதலில் அலசி, உங்கள் புரதம் அங்கே எப்படி நடந்துகொள்கிறது என்று ஒரு படம் போட்டுவிடுங்கள். கையில் காசே இல்லாதபோது செய்யக்கூடிய முன்னோட்ட வேலை அது. டிசிஜிஏயில் 33 வகைப் புற்றுகள், 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். ஒரு லேப்டாப்பும் மூன்று மாத ராத்திரியும் போதும்.

இப்போது 'மருத்துவர் உடன் இல்லை' என்ற மூன்றாவது காரணம். பலர் விண்ணப்பத்துக்குக் கடைசி வாரத்தில் ஒரு டாக்டரிடம் ஓடிப்போய்க் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தக் கடிதம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்: 'திசு மாதிரிகள் வழங்க இசைகிறேன்' என்று ஒற்றை வரி. எத்தனை மாதிரி, எந்த ஆண்டிலிருந்து, யார் சீவுவார்கள் என்று எதுவும் இருக்காது. என் முதல் விண்ணப்பமும் அப்படித்தான் போயிற்று, அப்படித்தான் திரும்பியும் வந்தது. இரண்டாவது முறை ஒரு நோயியல் மருத்துவரின் அறையில் ஆறு மாதம் வாரம் ஒரு மதியம் போய் உட்கார்ந்தேன். முதல் மாதம் அவர் என்னை மருந்துக் கம்பெனிக்காரர் என்றே நினைத்திருந்தார். நுண்ணோக்கியில் அவர் பார்ப்பதை நானும் பார்த்தேன், பதிவேட்டைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தேன். ஆறாம் மாதம் அவரே 'நம்ம புராஜெக்ட்' என்று பேச ஆரம்பித்தார்.

டாக்டர்களுக்கும் இதில் லாபம் உண்டு, கூச்சப்படாமல் சொல்லுங்கள். எம்.டி., எம்.எஸ். மாணவர்கள் ஆய்வேடு எழுதியே ஆக வேண்டும், நல்ல தலைப்புக்கு அலைகிறார்கள். உங்கள் திட்டத்தில் ஒரு பகுதி அவர்களில் ஒருவருக்கு ஆய்வேடாகட்டும். அறுவை மருத்துவர் இளையவராக, ஆர்வமுள்ளவராக இருந்தால் கிரெடோ பயிலரங்கைப் பற்றிச் சொல்லுங்கள். டாடா நினைவு மையமும் தேசியப் புற்றுநோய் வலையமைப்பும் 2015 முதல் நடத்துகின்றன. ஒரு யோசனையோடு போகிறவர் அங்கேயே தங்கி, முழு ஆய்வு நெறிமுறையை எழுதி முடித்துக்கொண்டு வெளியே வருவார்.

அறநெறிக் குழு ஒப்புதலை நிதி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி, அலமாரியில் மிஞ்சியிருக்கும் பழைய திசுவுக்கு ஒவ்வொருவரிடமும் புதிதாக ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்குக் கேட்க வழி உண்டு. கொடுப்பதும் மறுப்பதும் குழுவின் முடிவு. புதிய நோயாளிகளையும் சேர்ப்பதாக இருந்தால் ஒப்புதல் படிவத்தை நீங்களே தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த படிவங்களைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போடும் பெரியவருக்கும் புரியாது, வாங்குகிற மாணவருக்கும் புரியாது. பழக்கம் பற்றிக் கேட்கும்போது 'புகையிலை போடுவீங்களா?' என்று ஒரே கேள்வியில் முடித்துவிடவும் கூடாது. இல்லவே இல்லை என்பார்கள். வெற்றிலை உண்டா, பாக்கு உண்டா, பாக்கெட்டில் வருவதைப் போடுவதுண்டா, ராத்திரி கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குவதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு போடும் வெற்றிலையை நம் ஆட்கள் பழக்கம் என்றே கணக்கில் சேர்ப்பதில்லை. பழைய கோப்புகளில் 'பழக்கம் இல்லை' என்று இருப்பதையும் இதே சந்தேகத்தோடு படியுங்கள்.

இனிப் பணம். உங்கள் நிலைமைக்கு முதலில் பார்க்க வேண்டியது ஏஎன்ஆர்எஃப், அதாவது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. 2023ல் சட்டமாகி 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியமான பழைய செர்ப் அதற்குள் கரைந்துவிட்டது. செர்ப் காலத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு 30 லட்சம் வரை கிடைத்தது. இப்போது பிரதமர் பெயரிலான இளம் ஆய்வாளர் நல்கையில் மூன்று ஆண்டுக்கு 60 லட்சம் வரை. நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும், வயது வரம்பு 42. இது வாழ்நாளில் ஒரே முறை கிடைப்பது, அதனால் அரைகுறைத் திட்டத்துக்கு இதைச் செலவழித்துவிடாதீர்கள். விதிகள் ஒவ்வோர் அறிவிப்பிலும் கொஞ்சம் மாறும், அந்த ஆண்டின் அறிவிப்பை வரி விடாமல் படித்துவிடுங்கள்.

60 லட்சம் என்றதும் கண்ணுக்கு முன்னால் கருவிகள் வரிசையாக வந்து நிற்கும். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு ஜேஆர்எஃப்புக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, மூன்றாம் ஆண்டில் 42,000. மூன்று ஆண்டுக்கு 13,92,000. கோவைக்கான வீட்டு வாடகைப்படி 20 சதவீதம் சேர்த்தால் 16,70,400. நாலில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது, இன்னும் ஓர் ஆன்டிபாடி கூட வாங்கவில்லை. கருவிகளுக்கு விலைப்புள்ளி வாங்கும்போது ஜிஎஸ்டியையும் சேர்த்தே எழுதுங்கள். ஆய்வு நிறுவனங்களுக்கு இருந்த 5 சதவீதச் சலுகை வரி 2022 ஜூலையில் போய்விட்டது. அதைக் கவனிக்காமல் பட்ஜெட் போட்டவர்கள் ஃப்ரீசரை வாங்கிவிட்டு உள்ளே வைக்க ஒன்றும் வாங்க முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் திட்டத்தில் கருவி குறைவாக இருக்கட்டும். சீவும் எந்திரமும் நிறமேற்றும் வசதியும் மருத்துவமனையிலேயே இருக்கும். 'இருப்பதைப் பகிர்ந்துகொள்கிறோம், கேட்பது ஆளுக்கும் ஆன்டிபாடிக்கும் மட்டுமே' என்று எழுதிய பட்ஜெட்டைப் பார்த்தால் குழுவுக்கே ஒரு நிம்மதி.

தவணை தாமதமாகும் என்பதையும் இப்போதே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் நல்கையின் இரண்டாம் தவணை 11 மாதம் கழித்து வந்தது. என்னிடம் வேலை பார்த்த பையன் ஐந்து மாதம் சம்பளமில்லாமல் வந்துகொண்டிருந்தான். பிறகு ஒருநாள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு பள்ளியில் வாத்தியார் வேலைக்குப் போய்விட்டான். தப்பில் பாதி என் பக்கம். மார்ச் 31 முடிந்ததும் பயன்பாட்டுச் சான்றிதழும் செலவுக் கணக்கும் போயிருக்க வேண்டும், என் கல்லூரிக் கணக்குப் பிரிவில் அது ஜூலை வரை ஒரு மேஜையில் கிடந்தது, நானும் போய்க் கேட்கவில்லை. ஆகவே நிதி வருவதற்கு முன்பே உங்கள் கல்லூரிக் கணக்கு அலுவலரோடு ஒரு டீ குடித்துப் பழகி வையுங்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே சொல்கிறேன்.

இதைத் தவிர, உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008 முதல் நடத்தும் இந்தியா அலையன்ஸ் இருக்கிறது. ஹைதராபாத்தில் அலுவலகம். அங்கே வயது வரம்பு இல்லை. பிஎச்.டி.க்குப் பிறகு எத்தனை ஆண்டு ஆய்வு அனுபவம் என்றுதான் பார்ப்பார்கள், குழந்தைக்காக விட்ட இடைவெளியையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் ஒன்றரை ஆண்டை அங்கே ஒளிக்க வேண்டாம், தெளிவாக எழுதுங்கள். போட்டி கடுமை, நேர்காணல் வதைக்கும். ஆனால் அதற்காக எழுதும் விண்ணப்பமே உங்கள் சிந்தனையைச் செதுக்கிவிடும். ஐசிஎம்ஆருக்குப் போவதென்றால் மருத்துவரை இணை ஆய்வாளராக முன்னால் நிறுத்துங்கள். நோயாளிக்கு இதனால் என்ன என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி.

வெளிநாட்டு நிதி பற்றியும் வரைவின் ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். முதலில் கல்லூரி அலுவலகத்தில் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கிறதா? வெளிநாட்டுப் பணம் நன்கொடையாக வர அந்தப் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லியில் ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும், வந்ததை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. அதாவது நீங்கள் வாங்கி, மருத்துவமனைக்குப் பங்கு கொடுப்பதெல்லாம் நடக்காது. போதாததற்கு, வெளிநாட்டுக் கூட்டு ஆய்வென்றால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதலும் வேண்டும். முதல் நல்கைக்கு இந்த வழி வேண்டாம் என்பது என் கருத்து.

துறைத்தலைவர் விஷயம். இளம் ஆய்வாளர் நல்கையில் அவர் பெயரைப் போடவே முடியாது, வயது வரம்பு அவரை வெளியே நிறுத்திவிடும். இது உங்களுக்கு வசதி. 'சார், விதி அப்படி இருக்கிறது' என்று சொல்லிவிடலாம், முகத்தில் அடித்த மாதிரி இருக்காது. அவர் எதிரி அல்ல. கல்லூரி நிர்வாகத்தின் இசைவுக் கடிதமும், இடமும், வகுப்புச் சலுகையும் அவர் வழியாகத்தான் வர வேண்டும். வழிகாட்டி என்று அவரை ஒரு பத்தியில் மரியாதையோடு எழுதுங்கள். வேறு நிதிக்கு, அவருடைய துறை அனுபவம் உண்மையிலேயே தேவைப்படும் ஒரு திட்டத்துக்கு, இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் புரதம், உங்கள் கேள்வி, நீங்கள் உட்கார்ந்து சேர்த்த பிளாக்குகள் இருக்கும் திட்டத்தில் முதன்மை ஆய்வாளர் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒரு முறை கொடுத்தால், அடுத்த விண்ணப்பத்தில் 'சுயமாக நடத்திய ஆய்வுகள்' என்ற கட்டத்தில் எழுத உங்களிடம் ஒன்றும் இருக்காது.

அமெரிக்கா? உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். அங்கே தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2024ல் தன் முதன்மை நல்கைக்கு வைத்த கோடு, தர வரிசையில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு மட்டும். இளையவர்களுக்குக் கொஞ்சம் தளர்த்தி 17. மீதி ஆட்கள் உங்களைப் போலவே யாருக்கோ கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள். முதல் பெரிய நல்கை கைக்கு வரும்போது அங்கே பெரும்பாலானவர்கள் 40ஐத் தாண்டியிருப்பார்கள். குடும்பக் காரணத்துக்காகப் போவதென்றால் அது வேறு கணக்கு, அதில் நான் தலையிட மாட்டேன். இங்கே நல்கை கிடைக்கவில்லை என்பதற்காகப் போக வேண்டாம். வாயும் கழுத்தும் கெட்டு வரும் நோயாளிகள் இங்கே இருக்கிறார்கள். உலகத்து வாய்ப்புற்று நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்தியர். உங்கள் கேள்விக்கான அலமாரி இங்கேதான் நிறைந்திருக்கிறது.

வாரம் 16 மணி நேர வகுப்பு என்பது அதிகம்தான், அதைக் குறைக்க எனக்கு மந்திரம் தெரியாது. கோடை விடுமுறையை மட்டும் கையில் எடுத்துக்கொள்ளலாம். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாதெமியும் மற்ற இரண்டு அறிவியல் அகாதெமிகளும் சேர்ந்து தரும் கோடைகால ஆய்வு நிதி மாணவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கல்லூரி ஆசிரியர்களுக்கும் உண்டு. திசு நிறமேற்றலில் கைதேர்ந்த ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தால், விண்ணப்பத்தில் 'இந்த முறையில் பயிற்சி பெற்றுள்ளேன்' என்று பொய்யில்லாமல் எழுதலாம்.

விண்ணப்பத்தை இப்போதே தொடங்க வேண்டாம். அடுத்த வாரம் கோவையில் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை நடக்கும் மருத்துவமனை ஒன்றின் நோயியல் துறைக்குப் போங்கள். காலையில் போகாதீர்கள், அறுவை நடக்கும்போதே பார்த்துச் சொல்ல வேண்டிய உறைதிசு அரங்கிலிருந்து வந்துகொண்டே இருக்கும், யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். மூன்று மணிக்கு மேல் போங்கள். நொச்சி விண்ணப்பத்தைக் கையில் எடுத்துப் போக வேண்டாம், உங்கள் பிஎச்.டி. கட்டுரை ஒன்றின் பிரதி போதும். 2016 முதல் இன்று வரை, ஆரம்ப நிலை வாய்ப்புற்றுக்கு வாய்க் கட்டியோடு கழுத்து முடிச்சுகளையும் சேர்த்து எடுத்தவர்கள் எத்தனை பேர், அவர்களின் பிளாக்குகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று மட்டும் கேளுங்கள். 100க்கு மேல் இருந்தால் உங்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது. குறைந்தால் இரண்டாவதாக ஒரு மருத்துவமனை தேட வேண்டும். எந்த எண் வந்தாலும் எனக்கு எழுதுங்கள்.